காசு முழுக்கப் பின்பாதிக்குத்தான்

கேள்வி இதுதான்: சேலையூரில் வீடு, சிறுசேரியில் வேலை, மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு கும்பகோணம். பத்து லட்சம் கையில் இருக்கிறது. நாலு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன செடான் எடுக்கலாமா, அதே காசுக்கு ஹேட்ச்பேக்கில் டாப் மாடலோ குட்டி எஸ்யூவியோ எடுக்கலாமா? கூடவே அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டில் நாலு வயதுப் பிள்ளை என்ற தகவல். கடைசியில் "வெள்ளை எடுத்தா டாக்ஸின்னு நினைப்பாங்களா" என்று ஒரு சந்தேகமும். அதற்கும் வருகிறேன்.

ஷோரூமுக்குப் போனால் எல்லோரும் நேராக டிரைவர் சீட்டில் போய் உட்காருகிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, டச் ஸ்கிரீனைத் தடவி, ஏசியைப் போட்டு, அதோடு மனசு முடிவு பண்ணிவிடுகிறது. சின்ன செடான் வாங்கப் போகிறவர் அங்கே உட்காரவே வேண்டாம் என்பேன். முன்பாதி பெரும்பாலும் அதே கம்பெனியின் ஹேட்ச்பேக்தான். மாருதியின் ஸ்விஃப்டையும் டிசையரையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே இன்ஜின், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அதே 2450 மி.மீ. ஸ்விஃப்டின் நீளம் 3860, டிசையர் 3995. வித்தியாசம் 135 மி.மீ., ஒரு சாண்கூட இல்லை. அந்த முக்கால் சாணுக்குள்தான் டிக்கி 265 லிட்டரிலிருந்து 382 ஆகிறது, பின் சீட்டில் காலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் முழுக்க இந்தப் பின்பாதிக்குத்தான், ஆகவே காரை அங்கிருந்துதான் எடை போட வேண்டும்.

இந்த நாலு மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கார்களின் பாதிக் குறைக்கு அதுதான் காரணம். 2006 பட்ஜெட்டில் 4000 மி.மீ.க்குள் நீளமும் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். 2008இல் டாடா, இண்டிகோவின் வாலை நறுக்கி இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. முதலில் நாலு மீட்டரைத் தாண்டியிருந்த டிசையரும் 2012இல் 3995க்குள் வந்துவிட்டது. ஃபோர்டு ஆஸ்பயரைக் கொண்டுவந்தது 2015இல், பாவம், இப்போது அந்தக் கம்பெனி இங்கே கார் விற்பதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், நீளம் தாண்டினால் 40. ஆகவே இந்த வால் நறுக்கல் இப்போதைக்கு நிற்காது. பின்னாலிருந்து பார்க்கும்போது கார் திடீரென்று முடிந்துபோன மாதிரி தெரிகிறதே, அது டிசைனர் செய்த தப்பில்லை, வரி அதிகாரி போட்ட கோடு.

சரி, பின் சீட்டு. முதலில் முன்சீட்டை நீங்கள் ஓட்டுகிற நிலைக்குத் தள்ளி வையுங்கள். விற்பனைப் பையன் காட்டும்போது அதை முழுக்க முன்னால் இழுத்து வைத்திருப்பார், மகாராஜா மாதிரி கால் நீட்டலாம் போலிருக்கும். சரியாக வைத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து, முட்டி இடிக்கிறதா என்பதோடு விடாமல் தொடை சீட்டில் படிகிறதா என்று பாருங்கள். இந்தக் கார்களில் முட்டிக்கு இடம் தேடி சீட்டின் நீளத்தைக் குறைப்பதும், தலைக்கு இடம் தேடி சீட்டைத் தாழ்த்துவதும் சகஜம். அப்படியிருந்தால் தொடை அந்தரத்தில் நிற்கும், பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். ஷோரூமில் தெரியாது, திண்டிவனம் தாண்டும்போது தெரியும். தலை மேலே தட்டுகிறதா, நடுவில் உட்காருகிறவரின் காலுக்கு அடியில் திமில் மாதிரி எழும்பி நிற்கிறதா, பின்னால் ஏசி துவாரம் இருக்கிறதா. இந்தக் கடைசியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்தின காரில் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அது ஆடம்பரம் இல்லை. டிசையரின் டாப் மாடலில் சன்ரூஃப் வைத்திருக்கிறார்கள். சென்னையில் மேலே திறந்து என்னத்தைப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. பின் சீட்டில் தலைக்குமேல் உள்ள இடத்தில் அது கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும் என்பது மட்டும் புரிகிறது.

உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவது அம்மாவின் முட்டிதான். செடான் தாழ்வான வண்டி. ஏறும்போது குனிந்து, தலையைக் காப்பாற்றி, கிட்டத்தட்ட மணையில் உட்காருகிற மாதிரி இறங்க வேண்டும். இறங்கும்போது அதே முட்டியை ஊன்றி எழ வேண்டும். குட்டி எஸ்யூவியில் சீட்டு இடுப்பு உயரத்தில் இருக்கும், அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். நான் ஒன்பது வருஷம் சின்ன செடான்தான் வைத்திருந்தேன், ஓட்டினது லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எந்த இன்ஜின் பிரச்சினையையும்விட அதிகம் கேட்டது பின்னாலிருந்து வருகிற "அப்பாடா, கொஞ்சம் கை குடு" என்ற குரல்தான். அதனால் அம்மாவை ஷோரூமுக்கே கூட்டிப் போங்கள். அவர் எப்போதும் கட்டுகிற புடவையோடு, எப்போதும் போடுகிற செருப்போடு. இருபது நிமிஷம் பின்னால் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருங்கள், பிறகு தானாக இறங்கச் சொல்லுங்கள். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரா, உங்கள் கையைத் தேடுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் செடானை அங்கேயே விட்டுவிடுங்கள், நான் இதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்கக்கூட வேண்டாம்.

தானாக எழுந்துவிட்டார் என்றால் டிக்கிக்கு வருவோம். லிட்டர் கணக்கைப் பார்த்தால் எல்லாமே தாராளம்தான், ஹோண்டாவின் புது அமேஸ் 416, டாடாவின் டிகோர் 419. ஆனால் டிக்கி என்பது வாய், வயிறு இரண்டும். வயிறு பெரிதாக இருந்து வாய் சின்னதாக இருந்தால் பெரிய சூட்கேஸ் சாய்த்துத் திருகி உள்ளே போகும், ஸ்டீல் அண்டா போகவே போகாது. மூடியைத் தாங்குகிற இரண்டு வளைந்த கம்பிகள் மூடும்போது உள்ளே இறங்கும், அந்த இடத்தில் பெட்டி இருந்தால் மூடி மேலே நின்றுகொள்ளும், நீங்களும் அழுத்தி அழுத்திப் பார்ப்பீர்கள். அப்புறம் விளிம்பின் உயரம். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு தடவை அந்த விளிம்புக்குமேல் தூக்கி உள்ளே இறக்கிப் பார்த்தால் போதும், ஒவ்வொரு அங்குலத்துக்கும் அர்த்தம் தெரிந்துவிடும். கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது அரிசி, தேங்காய், வாழைத்தார் என்று வராமலா இருக்கும்? அந்த விஷயத்தில் செடானுக்கு ஹேட்ச்பேக் ஈடே இல்லை. சாமான் தனி அறையில் போய்விடும், வாழைத்தார் பிசின் சீட்டில் படாது, கருவாட்டு வாசனை கார் முழுக்கப் பரவாது. ஆனால் ஒரு ஃபிரிட்ஜோ சைக்கிளோ ஏற்ற வேண்டும் என்றால் ஹேட்ச்பேக்தான் ஜெயிக்கும்.

சாமானும் ஐந்து பேரும் ஏறின பிறகு காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அங்கேதான் இந்த வகையின் உண்மையான பலவீனம் இருக்கிறது. டிசையரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., அமேஸ் 172 என்று போட்டிருப்பது ஆள் ஏறாத காருக்கு. என் காரில் ஐந்து பேரோடு போகும்போது எங்கள் தெரு முனை வேகத்தடையில் 'கர்ர்' என்று அடி உரசும். தெருவாசிகள் சங்கம் போட்ட தடை, அளவு கிடையாது, ஒரு அடி உயரத்துக்குத் தார்க் குன்று. கடைசியில் குறுக்காக ஏற்றி ஒவ்வொரு சக்கரமாகத் தாண்டக் கற்றுக்கொண்டேன், சில நாள் பின்னால் இருப்பவர்கள் இறங்கி நடந்தார்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவிலும் இதே கதை. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். உரசுகிறதா என்று பார்க்கும்போதே, இறங்கினதும் பின்பக்கம் ஒரு தடவை குதித்து நிற்கிறதா, இரண்டு மூன்று தடவை ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். ஆடினால் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வாந்தி எடுக்கும்.

இன்ஜினைப் பற்றி இணையத்தில் நடக்கிற சண்டையை நான் ரொம்பப் பொருட்படுத்த மாட்டேன். டிசையரிலும் டிகோரிலும் மூன்று சிலிண்டர், அமேஸிலும் ஹூண்டாயின் ஆராவிலும் நாலு. நாலு சிலிண்டர் சிக்னலில் நிற்கும்போது அமைதியாக இருக்கும், மூன்றில் ஏசி ஓடும்போது ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் லேசான நடுக்கம் தெரியும். இரண்டு வாரத்தில் பழகிவிடும், பழகாதவர்களும் உண்டு. சக்தி எல்லாவற்றிலும் 80 முதல் 90 குதிரைக்குள்தான், சென்னை மாதிரி தட்டை ஊருக்கு அது தாராளம். முழுச் சுமையோடு விக்கிரவாண்டி தாண்டி, வருஷக்கணக்கில் வேலை இழுத்துக்கொண்டு கிடந்த அந்தக் கும்பகோணம் சாலையில் கரும்பு லாரியை முந்தும்போதுதான் கியரைக் குறைக்காமல் காரியம் ஆகாது என்று தெரியும்.

உங்கள் வழி மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அங்கிருந்து ஓஎம்ஆர். காலையில் அது சாலை இல்லை, பார்க்கிங். கிளட்ச் கார் எடுத்தால் ஆறு மாதத்தில் இடது முட்டி உங்களுக்கும் வலிக்கும். ஆகவே ஆட்டோமேட்டிக் எடுங்கள், ஆனால் எது என்று பாருங்கள். டிசையர், ஆரா, டிகோர் மூன்றிலும் இருப்பது ஏஎம்டி: சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அழுத்துகிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, ஆனால் முதலிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது தலை ஒரு தடவை முன்னால் ஆடும். மேம்பாலத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்துகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, ஏஎம்டியில் அது கிளட்சைக் கருக்கிவிடும். அமேஸில் இருப்பது சிவிடி, கியர் மாறுவதே தெரியாது, நெரிசலில் வெண்ணெய் மாதிரி போகும், வேகமாக மிதித்தால் மட்டும் இன்ஜின் கத்தும், கார் நிதானமாகத்தான் வரும். அந்தச் சாலைக்கு நான் சிவிடிதான் எடுப்பேன்.

மைலேஜைப் பொறுத்தவரை, சான்றிதழ் கணக்கில் டிசையர் மேனுவல் லிட்டருக்கு 24.79 கி.மீ., அமேஸ் சிவிடி 19.46. ஓஎம்ஆரில் ஏசியோடு இரண்டுமே அதில் பெரிய துண்டை இழந்துவிடும். மீட்டர் காட்டுகிற எண்ணை நம்பாமல் டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலிலும் கொஞ்சம் போகும், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நீங்கள் மாதம் 1600 கி.மீ. ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் 15 கொடுத்து இன்னொன்று 13 கொடுத்தால் மாதத்துக்கு 16 லிட்டர், அதாவது ஆயிரத்து அறுநூறு சொச்சம் ரூபாய் வித்தியாசம். அது பெரிதா சின்னதா என்பது உங்கள் கணக்கு. எனக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் தலை ஆடாமல் போவதற்கு அது கொடுக்கலாம்.

சிஎன்ஜி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், காரணம் ஏற்கெனவே சொன்னதுதான். பின்பாதிக்காக வாங்குகிற காரில் டிக்கியை சிலிண்டருக்கு வாடகைக்கு விட்டால் அப்புறம் எதற்குச் செடான்? ஆனால் டிகோரில் இரண்டு சின்ன சிலிண்டராகப் பிரித்து டிக்கியின் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், அது கெட்டிக்காரத்தனம். அதில் பெட்டி வைக்கலாம்.

பாதுகாப்பில் ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பரில் வந்த புது டிசையருக்கு, காரை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் கிடைத்தது. அதே பேரில் செகண்ட் ஹேண்டில் விற்கிற பழைய டிசையருக்கு அந்த நட்சத்திரம் ஒட்டாது, அது வேறு கார். புரோக்கர்கள் ஒட்டி விற்கிறார்கள், நானே இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். டிகோரின் 4 நட்சத்திரம் 2020இல் வாங்கினது, சோதனை விதிகள் கடுமையானது 2022இல், ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பிள்ளைக்கு சைல்ட் சீட் வாங்குங்கள், அதை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது, விரல் போகிறதா என்று ஷோரூமிலேயே தொட்டுப் பாருங்கள். சில கார்களில் சீட் துணிக்குள் புதைந்து கிடக்கும்.

மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் கார் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பேஸ்மென்டில் நின்றிருந்தது, தண்ணீர் சீட்டுவரை ஏறிவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது, பண்ணவில்லை, அதனால்தான் இன்ஜின் பிழைத்தது. தண்ணீர் உள்ளே போன இன்ஜினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குக் காசு வராது. இழுவை வண்டி வந்தது எட்டாவது நாள், சர்வீஸ் சென்டரில் கிடந்தது இரண்டு மாதம், உள்ளே அந்த ஊசல் வாசனை கடைசிவரை போகவில்லை. பாலிசி போடும்போது இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். சேலையூரில் உங்கள் தெரு எப்படியோ, முடிச்சூர்ப் பக்கம் போகிற வழி எப்படி என்று உங்களுக்கே தெரியும். செடானை ஒரு மழைநாள் முன்னாடியே மேட்டில் ஏற்றிவிட வேண்டும், 2024 அக்டோபரில் வேளச்சேரிப் பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த மாதிரி. சிரித்தவர்கள் எல்லாம் கார் இல்லாதவர்கள்.

இப்போது பத்து லட்சம் என்றீர்களே, அங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் வாகன வரி ஐந்து லட்சத்துக்குமேல் பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரைக்கும் 18. தாண்டினால் மொத்த விலைக்கும் 18தான். ஷோரூம் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700. 10.10 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் விலை அதிகமான மாடலுக்கு நீங்கள் கொடுக்கப்போவது எழுபத்து மூவாயிரம். டாப் மாடலில் அலாய் வீலும் கேமராவும் இருக்கிறதே என்று கை போகும். கேமராவை ஜி.பி. ரோட்டுக் கார் சாமான் கடைகளில் போட்டுக்கொள்ளலாம், செடானுக்கு அது கட்டாயம், பின்கண்ணாடி வழியாக டிக்கி எங்கே முடிகிறது என்று ஒன்றுமே தெரியாது. ஏர்பேக்கை ஜி.பி. ரோட்டில் போட முடியாது, அதனால் எந்த மாடலில் எத்தனை என்று கேட்டுக்கொண்டு, பத்துக்குள் நிற்கிற மாடலாகப் பாருங்கள்.

ஆக உங்களுக்கு என் வரிசை: அம்மா தானாக எழுந்தால் அமேஸ் சிவிடி, பத்துக்குள் அடங்குகிற மாடல். பட்ஜெட் இன்னும் இறங்க வேண்டும், மைலேஜ்தான் முக்கியம் என்றால் டிசையர், உதிரிபாகம் புதுப்பேட்டை முதல் புதுக்கோட்டை வரை கிடைக்கும். ஆராவுக்கு ஆலை இருங்காட்டுக்கோட்டையிலேயே, ஓட்ட இதமான இன்ஜின், பாதகமில்லை. அம்மா கையைத் தேடினால் நாலுமே வேண்டாம், குட்டி எஸ்யூவி.

வெள்ளை நிறம். நினைப்பார்கள், ஆமாம். ஒரு நாள் சாயங்காலம் கிண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே மனைவிக்காகக் காத்திருந்தேன், வெள்ளைக் கார், வெள்ளை நம்பர் பிளேட்தான். பின்கதவைத் திறந்து ஒரு பையன் பையோடு ஏறி உட்கார்ந்து, போனைப் பார்த்தபடியே நாலு எண் ஓடிபி சொன்னான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வார்த்தை: "அண்ணா, ஏசி பின்னாடி வரவே மாட்டேங்குதே."